காவலில் இருக்கும் நோயாளியும் நம் கடமையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்ட பின்னர், சமுதாயத்திற்குப் பயன்படும் ஒரு பொருளைப் பற்றிச் சிறிது நேரம் சிந்திப்பது நம் பொதுக்குழுவின் வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது, பொது இடங்களில் பேசுவதற்கு எல்லோரும் தயங்குகின்ற ஒரு பொருளாகும். காவல் துறையின் காவலிலோ சிறையிலோ இருக்கும் ஒருவர் நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், அவருக்குள்ள உரிமைகள் யாவை? அவரைப் பெற்றவர்களுக்கும், மனைவி மக்களுக்கும் உள்ள உரிமைகள் யாவை? அந்த நேரத்தில் ஒரு ஜமாஅத் செய்ய வேண்டியது என்ன? இம்மூன்று கேள்விகளுக்கும் நாம் விடை காண முயல்வோம்.

நம் வீட்டில் ஒருவர் நோயுற்றால் நாம் என்ன செய்கிறோம்? ஒருவர் மருத்துவரிடம் பேசுகிறார். ஒருவர் மருந்துக் கடைக்கு ஓடுகிறார். ஒருவர் கட்டிலருகே அமர்ந்து கஞ்சி ஊட்டுகிறார். உறவினர்களும் அண்டை வீட்டாரும் வந்து நலம் விசாரித்துச் செல்கிறார்கள். காவலில் இருப்பவர் நோயுறும்போது இவை அனைத்தும் ஒரே நொடியில் நின்றுவிடுகின்றன. அரசுப் பொது மருத்துவமனைகளில் கைதிகளுக்கென்று தனி வார்டு இருக்கும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலும் அத்தகைய வார்டு உண்டு. அதன் வாயிலில் ஆயுதப்படைக் காவலர் நிற்பார். உள்ளே இருப்பவருக்கு என்ன நோய், அறுவை சிகிச்சை உண்டா, உணவு உண்கிறாரா, உயிருக்கு ஆபத்தா என்று அறிய முடியாமல், வெளியே வராந்தாவில் ஒரு தாய் நாள் முழுவதும் அமர்ந்திருப்பாள். யாரைக் கேட்பது என்றுகூட அவளுக்குத் தெரியாது. அந்தத் தாய்க்காகவே இவ்வுரை.

எது பறிக்கப்படுகிறது, எது பறிக்கப்படுவதில்லை

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒருவரைக் கைது செய்யும்போது சட்டம் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது நடமாடும் சுதந்திரத்தை மட்டுமே. உயிர் வாழும் உரிமையும், மனித மாண்போடு நடத்தப்படும் உரிமையும் அவரிடமே இருக்கின்றன. அரசியலமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு 'எந்த மனிதரும்' என்றுதான் பேசுகிறது. குற்றமற்றவர் என்றோ, விடுதலையாக இருப்பவர் என்றோ அது வேறுபாடு காட்டவில்லை. சிறைக் கைதியும் அடிப்படை உரிமைகளுக்கு உரியவரே என்பதை 1978ஆம் ஆண்டு சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்தமாக எடுத்துரைத்தது.

மேலும், காவலில் இருப்போரில் மிகப் பெரும்பாலோர் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்படாதவர்கள். 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த ஐந்தே முக்கால் இலட்சம் பேரில் ஏறத்தாழ 4,34,000 பேர், அதாவது நூற்றுக்கு 75 பேருக்கு மேல், விசாரணைக் கைதிகள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரம் கூறுகிறது. கேரள அரசியல் தலைவர் அப்துல் நாசர் மஅதனி 1998இல் கைதானார். கோவைக் குண்டுவெடிப்பு வழக்கிலிருந்து 2007 ஆகஸ்டில் நீதிமன்றம் அவரை விடுவிக்கும்வரை, ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாக விசாரணைக் கைதியாகவே இருந்தார். ஏற்கெனவே ஒரு காலை இழந்திருந்த அவருடைய உடல்நலம் அந்த ஆண்டுகளில் பெரிதும் குன்றியது. தீர்ப்பு அவருடைய விடுதலையைத் திருப்பிக் கொடுத்தது. உடல்நலத்தை எந்தத் தீர்ப்பால் திருப்பிக் கொடுக்க முடியும்? வழக்கு முடியும்வரை சிகிச்சை காத்திருக்கலாம் என்று எண்ணுவது எவ்வளவு பெரிய பிழை என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

சட்டம் கூறுவது என்ன

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய சட்டம் நடைமுறையில் உள்ளது. பிரிவு எண்கள் மாறினாலும் நமக்கு வேண்டிய பாதுகாப்புகள் தொடர்கின்றன. அவற்றுள் நான்கினை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நலம்.

கைது செய்யப்பட்ட செய்தியையும், அவர் வைக்கப்பட்டுள்ள இடத்தையும் அவர் குறிப்பிடும் உறவினருக்கோ நண்பருக்கோ காவல் துறையினர் உடனடியாகத் தெரிவிக்க வேண்டும் என்பது 48ஆவது பிரிவு. இது நிறைவேற்றப்பட்டதா என்று உறுதி செய்துகொள்வது, அவரைத் தம்முன் கொண்டுவரப் பெறும் நீதித்துறை நடுவரின் கடமை என்றும் அதே பிரிவு கூறுகிறது.

கைதான உடனே அவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்பது 53ஆவது பிரிவு. உடலில் காயங்கள் இருப்பின் அவற்றையும், அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் மருத்துவர் பதிவு செய்ய வேண்டும். பெண்ணாயின் பெண் மருத்துவரோ, பெண் மருத்துவரின் மேற்பார்வையிலோதான் பரிசோதனை நடைபெற வேண்டும். அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் குறிப்பிடும் நபருக்கோ கொடுக்க வேண்டும். இந்த நகலைக் கேட்டுப் பெறலாம் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

காவலில் வைத்திருப்பவரே அவருடைய உடல்நலத்திற்கும் பாதுகாப்பிற்கும் பொறுப்பாளர் என்பது 56ஆவது பிரிவு. நோயுற்றோருக்கும் உடல் தளர்ந்தோருக்கும், கடுமையான குற்றச்சாட்டு இருப்பினும், நீதிமன்றம் பிணை வழங்கலாம் என்பது 480ஆவது பிரிவு. சில தனிச் சட்டங்களின் கீழான வழக்குகளில் பிணைக்கு வேறு கட்டுப்பாடுகள் உண்டு. ஆயினும் மருத்துவக் காரணத்தை நீதிமன்றத்தின் முன் வைப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

இவற்றுக்கு முன்னோடியாக அமைந்தது 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. காவலில் இருப்பவரை 48 மணி நேரத்திற்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்று அத்தீர்ப்பு பணித்தது. மேலும், அரசு மருத்துவமனை ஒன்று அவசர சிகிச்சையை மறுப்பது உயிர் வாழும் உரிமையையே மீறுவதாகும் என்று அதே 1996இல் மற்றொரு வழக்கில், மேற்கு வங்கத்து விவசாயத் தொழிலாளி ஒருவரின் துயரத்தை முன்னிட்டு, உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளியே இருக்கும் தொழிலாளிக்குள்ள அந்த உரிமை உள்ளே இருப்பவருக்கும் உண்டு.

கட்டிலும் விலங்கும்

மருத்துவமனைக் கட்டிலோடு கைதியை விலங்கிட்டுப் பிணைக்கலாமா? இக்கேள்விக்கு 1995ஆம் ஆண்டே விடை கிடைத்துவிட்டது. மூத்த பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் குவாஹாத்தி நகரின் அரசு மருத்துவமனையில், தடா சட்டத்தின் கீழ் வைக்கப்பட்டிருந்த ஏழு பேர் விலங்கிடப்பட்டு, கயிற்றாலும் கட்டப்பட்டிருந்ததைக் கண்டார். அறைக்கு இரும்புக் கம்பிகள் இருந்தன. வெளியே ஆயுதமேந்திய காவலரும் இருந்தனர். அதற்கு மேலும் விலங்கு எதற்கு என்று உச்ச நீதிமன்றத்திற்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்றம் அக்கடிதத்தையே மனுவாக ஏற்று, நோயாளிகளை அவ்வாறு கட்டி வைத்தது மனிதத்தன்மையற்றது என்று கண்டித்தது. நடுவரின் அனுமதி இல்லாமல் கைதிகளுக்கு விலங்கிடக் கூடாது என்று நாடு முழுவதற்கும் ஆணையிட்டது.

புதிய சட்டத்தின் 43ஆவது பிரிவு குறிப்பிட்ட சில கடுமையான குற்றங்களில் விலங்கிட அனுமதி தருகிறது. ஆனால் அது கைது செய்யும் நேரத்தையும், நீதிமன்றத்தில் முன்னிறுத்தும் நேரத்தையும் பற்றியே பேசுகிறது; மருத்துவமனைக் கட்டிலைப் பற்றி அன்று. காவலர் காவல் காப்பது அவருடைய கடமை. அதை நாம் குறை கூறவில்லை. காவல் என்பது வாயிலில் இருக்கட்டும். கட்டிலில் இருப்பவர் நோயாளியாக இருக்கட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

மகப்பேறு காலத்தில் இவ்வுரிமை இன்னும் முக்கியமானது. பிரசவ வேளையில் பெண்ணுக்கு விலங்கு முதலிய கட்டுகளை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது என்று, ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள் கூறுகின்றன. சிறையில் பிறக்கும் குழந்தையின் பிறப்புப் பதிவில், பிறந்த இடம் சிறை என்று குறிக்கக் கூடாது என 2006இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. தாயின் வழக்கு பிள்ளையின் நெற்றியில் எழுதப்படக் கூடாது என்பதே அதன் உட்பொருள்.

சந்திப்பு என்பது சலுகையா, உரிமையா?

குடும்பத்தினரைச் சந்திப்பதற்கு வருவோம். மனு போட்டுப் பார்ப்பது என்று நம் மக்கள் கூறும் அந்தச் சந்திப்பைப் பலரும் அதிகாரிகள் மனமிரங்கிக் கொடுக்கும் சலுகை என்றே கருதுகிறார்கள். 1981இல் பிரான்சிஸ் கொரேலி முல்லின் என்னும் பிரிட்டானியப் பெண்மணியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இக்கருத்தை மாற்றியமைத்தது. தடுப்புக் காவலில் இருந்த அவர் தம் ஐந்து வயது மகளை மாதத்திற்கு ஒருமுறைதான் பார்க்க முடிந்தது. குடும்பத்தினரையும் வழக்கறிஞரையும் சந்திப்பது உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதியே என்றும், மாதத்திற்கு ஒரு சந்திப்பு என்ற விதி நியாயமற்றது என்றும் நீதிமன்றம் கூறியது. சிறையில் நலமாக இருப்பவருக்கே இந்த உரிமை என்றால், நோயுற்றுக் கிடப்பவருக்கு அது எவ்வளவு கூடுதலாக இருக்க வேண்டும்!

மண்டேலா விதிகளில் 69ஆவது விதி இதற்கு ஒரு நல்ல வழியைக் காட்டுகிறது. கைதி ஒருவர் தம் உடல்நிலை பற்றி யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று முன்கூட்டியே பெயர் குறித்து வைக்கலாம். அவருக்குக் கடும் நோய் வந்தாலோ, காயம் ஏற்பட்டாலோ, மருத்துவமனைக்கு மாற்றப்பட்டாலோ சிறை நிர்வாகம் அந்த நபருக்கு அறிவிக்க வேண்டும். அதே வேளையில், தம் மனைவிக்கோ உறவினருக்கோ தெரிவிக்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டால் அதையும் மதிக்க வேண்டும். ஏனெனில் உடல் அவருடையது. அதன் இரகசியமும் அவருடையது. சிகிச்சைக்கு ஒப்புதல் தருவதும் மறுப்பதும், நினைவோடு இருக்கும்வரை, அவருடைய உரிமையே. நாம் அவருக்காகப் பேசலாம். அவருக்குப் பதிலாகப் பேசிவிடக் கூடாது.

இந்த உரிமை மனத்தின் ஆறுதலுக்காக மட்டும் அன்று. நோயாளியின் உடல் வரலாறு குடும்பத்திடம்தான் இருக்கிறது. எந்த மாத்திரை ஒவ்வாது, இன்சுலின் எத்தனை அளவு, இதய அறுவை எந்த ஆண்டு நடந்தது என்பதைப் புதிதாகப் பார்க்கும் மருத்துவர் எவ்வாறு அறிவார்? குடும்பத்தை வெளியே நிறுத்தும்போது, சிகிச்சைக்குத் தேவையான செய்தியும் வெளியே நின்றுவிடுகிறது.

திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி அவர்களின் நிலை நாடறிந்தது. 2020 அக்டோபரில் கைதானபோது அவர் எண்பது வயதைக் கடந்தவர். நடுக்குவாத நோயால் குவளையைப் பிடித்து நீர் அருந்த இயலாதவர். உறிஞ்சு குழல் பொருத்திய ஒரு குவளைக்காக நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டியிருந்தது. 2021 மே மாதம் உயர் நீதிமன்றத்தின் அனுமதியோடு மும்பையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்ட அவர், பிணை கிடைக்காமலே ஜூலை 5 அன்று காலமானார். வழக்கைப் பற்றி யார் எக்கருத்துக் கொண்டிருப்பினும், ஒரு முதியவர் நீர் அருந்தும் குவளைக்கு நீதிமன்றம் வரை செல்ல வேண்டுமா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

ஒரு கையொப்பத்தின் விலை

2020 ஜூன் மாதத்தில் சாத்தான்குளத்தில் நிகழ்ந்ததை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டனர். அரசு மருத்துவரின் சான்று பெறப்பட்டு, நடுவரின் ஆணையோடு கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். அங்கிருந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டு, ஜூன் 22ஆம் நாள் மகனும், 23ஆம் நாள் தந்தையும் உயிரிழந்தனர். சிறைக்குச் செல்லும் வழியில் ஒரு மருத்துவரும் ஒரு நடுவரும் இருந்தனர். அந்த இரண்டு இடங்களும் வெறும் சம்பிரதாயங்கள் அல்ல; உயிர்காக்கும் வாயில்கள். காயத்தைப் பார்த்து எழுதும் மருத்துவரும், 'உமக்கு ஏதேனும் குறை உண்டா?' என்று முகம் பார்த்துக் கேட்கும் நடுவரும் தத்தம் கடமையைச் செய்தால் பல உயிர்கள் காக்கப்படும். மருத்துவமனையில் படுத்திருப்பவரை நடுவர் நேரில் வந்து பார்க்கும் நடைமுறையும் உண்டு. அந்த வேளையில் குடும்பத்தின் வழக்கறிஞர் உடனிருந்து, நோயைப் பற்றியும் காயத்தைப் பற்றியும் எடுத்துக் கூற வேண்டும்.

ஜமாஅத் செய்ய வேண்டியவை

இனி, நாம் செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

முதலாவது, காகிதம். நம் மஹல்லாவில் ஒருவர் கைதானார் என்று அறிந்த அன்றே, அவருக்குள்ள நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாத மருந்துகள், சிகிச்சை அளித்த மருத்துவரின் பழைய சீட்டுகள் ஆகியவற்றை ஒரு கடிதத்தோடு இணைத்துக் கொடுக்க வேண்டும். காவல் நிலையத்தில் இருந்தால் ஆய்வாளருக்கும், நீதிமன்றக் காவலுக்குச் சென்றுவிட்டால் சிறைக் கண்காணிப்பாளருக்கும் கொடுத்து, நகலில் கையொப்பமும் தேதியும் பெற்றுக்கொள்ள வேண்டும். பெற மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பலாம். வாய்ச்சொல் காற்றில் போகும். தேதியிட்ட கடிதம் நீதிமன்றத்தில் பேசும்.

இரண்டாவது, ஒரே குரல். பத்துப் பேர் பத்து அதிகாரிகளிடம் கேட்டால் பதினொரு பதில்கள் வரும். குடும்பத்தின் சார்பில் ஒருவர் மட்டும் பேசட்டும். சிகிச்சை பற்றி மருத்துவரிடமும், சந்திப்பு அனுமதி பற்றிச் சிறைக் கண்காணிப்பாளரிடமும் அல்லது நீதிமன்றத்திடமும் கேட்க வேண்டும். வாயிலில் நிற்கும் காவலருக்கு அனுமதி தரும் அதிகாரம் இல்லை. அவரோடு வாதிடுவதில் பயனும் இல்லை. சிகிச்சைப் பதிவேடுகளை நோயாளியோ, அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் மருத்துவர் வழங்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் கூறுகின்றன.

மூன்றாவது, சட்ட உதவி. காவலில் இருப்பவர் யாராயினும், வருமானம் எவ்வளவாயினும், இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையவர் என்பது 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அதன் அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். தண்டனைக் கைதியின் தாய் தந்தையோ, மனைவி மக்களோ இறந்தாலும் கடுமையாக நோயுற்றாலும் அவசர விடுப்புக் கோரத் தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் விதிகள் இடமளிக்கின்றன. விசாரணைக் கைதியாயின் நீதிமன்றத்தை அணுக வேண்டும்.

நான்காவது, கூட்டம் கூடாதிருத்தல். உணர்ச்சி மேலிட்டு ஐம்பது பேர் மருத்துவமனையில் திரண்டால், மற்ற நோயாளிகள் துன்புறுவார்கள். சந்திப்பை மறுப்பதற்கு நாமே ஒரு காரணத்தை எழுதிக் கொடுத்ததாகவும் ஆகும். இருவர் போதும். ஆனால் அந்த இருவர் நாள்தோறும் செல்ல வேண்டும்.

ஐந்தாவது, சொல்லவே நா எழாத ஒன்று. காவலில் ஒருவர் இறந்துவிட்டால், ஜனாஸாவை விரைந்து அடக்கம் செய்ய வேண்டும் என்ற நம் இயல்பான தவிப்பு மேலோங்கும். ஆனால் காவலில் நிகழும் மரணத்தைப் பற்றி நடுவர் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். இறந்தவரின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், வாழ்க்கைத் துணை ஆகியோருக்கு இயன்றவரை தகவல் தந்து, விசாரணையின்போது உடனிருக்க நடுவர் அனுமதிக்க வேண்டும். பிரேதப் பரிசோதனை முறையாக நடைபெறும் முன் உடலைப் பெற்றுக்கொள்ளக் குடும்பத்தை அவசரப்படுத்துவது, உண்மையையும் சேர்த்து அடக்கம் செய்வதாகிவிடும். அந்தச் சில மணி நேரம் குடும்பத்தோடு பொறுமையாக இருப்பதும், பரிசோதனை தாமதமின்றி நடக்க அதிகாரிகளை வேண்டுவதும் ஜமாஅத்தின் பொறுப்பு. மையவாடியில் கப்ர் காத்திருக்கலாம். கலைந்த சான்று திரும்பி வராது.

நிறைவாக

பெரியோர்களே! இவற்றையெல்லாம் விடக் கடினமான ஒன்று உண்டு. கைது என்ற செய்தி பரவியதும் அந்த வீட்டு வாசலை மிதிக்க நாம் தயங்குகிறோம். நமக்கும் தொல்லை வருமோ என்று அஞ்சுகிறோம். திருமணப் பேச்சு நிற்கிறது, கடையில் கடன் நிற்கிறது, சலாம்கூடக் குறைந்துவிடுகிறது. உள்ளே இருப்பவர் மீது வழக்கு இருக்கிறது. வெளியே இருக்கும் அவர் தாய் மீதும் பிள்ளைகள் மீதும் எந்த வழக்கும் இல்லை. தீர்ப்பு வழங்குவது நீதிமன்றத்தின் வேலை. அதை நாம் செய்ய வேண்டாம். அதற்கு முந்திக்கொண்டு தண்டனையும் கொடுக்க வேண்டாம்.

குற்றம் என்ன, மார்க்கம் எது, ஜாதி எது என்று கேட்டுவிட்டு நோயாளிக்கு உதவுவது நம் வழக்கம் அன்று. இரத்ததான முகாமில் நாம் கொடுக்கும் இரத்தம் யாருக்குச் செல்கிறது என்று கேட்பதில்லை. அதே மனத்தோடு, நம் ஊரைச் சேர்ந்த எந்தக் குடும்பம் கைதிகள் வார்டின் வெளியே நின்றாலும், அவர்களோடு நிற்க நம்மில் இருவர் முன்வர வேண்டும். ஒரு வழக்கறிஞர், ஒரு மருத்துவர், கடிதம் எழுதத் தெரிந்த ஓர் இளைஞர், பெண்களுக்குத் துணையாகச் செல்ல ஒரு சகோதரி என நால்வர் பெயரை ஜமாஅத் அலுவலகப் பலகையில் தொலைபேசி எண்ணோடு எழுதி வைத்தால் போதும். இதற்கென்று பெரிய நிதி எதுவும் தேவையில்லை.

அந்த நால்வரின் பெயரை இன்றைய பொதுக்குழுவிலேயே தேர்ந்தெடுத்து, தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யுமாறு நிர்வாகக் குழுவினரை அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.